அறுந்துபோகிற வார்

ரைமோந்தோ தன் முழு எடையோடு
பையின் வாரில் தொங்கிக் காட்டினான்.
சுவரிலிருந்த கொக்கி முனகியது. வார் முனகவில்லை.
"உள்ளே எஃகுக் கம்பி, அம்மணி.
கத்தி வைத்தால் கத்திதான் மழுங்கும்."

நேப்பிள்ஸில் அவன் கடையில் எல்லாமே தொங்கும்,
விலைச்சீட்டைத் தவிர.
முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வான்.

அடுத்ததை எடுத்தான்.
ஜிப்புக்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு பூட்டு,
பூட்டுக்கு மூன்று எண்கள்.
நான் சில்லறை எடுப்பதற்குள்
பேருந்து போய்ச் சேர்ந்துவிடும் என்றேன்.

மூன்றாவதன் மேல் வெள்ளி எழுத்தில்
'திருட முடியாதது' என்று இருந்தது.
அதை மாட்டிக்கொண்டு நடப்பதும்
இங்கே ஏதோ இருக்கிறது, வாருங்கள் என்று
கூவிக்கொண்டு நடப்பதும் ஒன்றுதான்.

"இம்மகோலாட்டா அம்மணிக்கு என்னதான் வேண்டும்?"

சட்டைக் கையை மடித்துக் காட்டினேன்.
போன செப்டம்பர். ஒரு ஸ்கூட்டர். இரண்டு பேர்.
பின்னால் இருந்தவன் பையைப் பற்றினான்.
நல்ல பை. கன்றுத்தோல். இதே கடையில் வாங்கியது.
வார் அறுபடவில்லை.
மருந்துக் கடையிலிருந்து எலுமிச்சை வண்டி வரை
கருங்கல் பாவிய தெருவில்
நானும் பையோடு போனேன்.
கடைசியில் அவன்தான் விட்டான்.
பை தப்பித்தது. அதற்குள் பதினொரு யூரோ.
எலும்புக்குள் இப்போது இரண்டு திருகாணிகள்.

"இழுத்தால் அறுந்துபோகிற வார் இருக்கிறதா?"

உள்ளே போனான். வெகுநேரம் உருட்டினான்.
வெந்த கீரை நிறத்தில் ஒரு துணிப்பை கொண்டுவந்தான்,
வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததாம்.
"ஒன்பது யூரோ" என்றான்,
முதல் முறையாக என் முகத்தைப் பார்க்காமல்.

பாஸ்போர்ட்டையும் பணத்தையும்
உள்பாவாடையில் பை தைத்து வைத்தேன்.
கீரைப் பையில் ஒரு சீப்பு, கைக்குட்டை,
மிளகு பிஸ்கட் பொட்டலம் ஒன்று,
திருடனுக்கென்று ஒரு பழைய பர்ஸ்,
அதற்குள் காலாவதியான பயணச்சீட்டுகள்.
பாவம், வெறுங்கையோடு அனுப்பக் கூடாதில்லையா.

மகள் ஃபியோரெல்லா இருக்கும் ஊர் தம்பெரே.
அங்கே காபிக் கடையில்
இடம் பிடிக்க நாற்காலியில் பையை வைத்துவிட்டு
வரிசையில் போய் நிற்கிறார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு.
அவளும் அப்படியே செய்தாள்.
நான் வளர்த்த பெண்!
நாலு மேசைப் பைகளுக்கும்
எல்லாரும் திரும்பி வரும் வரை
காவல் நின்றேன், கோட்டைக் கூடக் கழற்றாமல்.

மூன்றாம் நாள். தனியாக டிராமில் போய் இறங்கினேன்.
பத்தடி நடந்திருப்பேன்.
பின்னால் ஓடிவரும் காலடி.
முதலில் தெரிந்தது முழங்கைக்குத்தான்.

ஓடினேன்.
ஐம்பத்தொன்பது வயது, பனி, மகளின் பெரிய பூட்ஸ்.
அவனும் ஓடிவந்தான்.
நீட்டி நீட்டி ஏதோ கத்தினான்.
குவித்து வைத்திருந்த பனியில் போய் உட்கார்ந்தேன்,
இந்தா, எடுத்துக்கொள் என்று
தோளில் கை வைத்தால்
தோளில் ஒன்றுமில்லை.

காது சிவந்த பையன். இருபது இருக்கும்.
கீரைப் பையை இரண்டு கைகளாலும் நீட்டியபடி
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.
அறுந்த வார் கீழே ஆடிக்கொண்டிருந்தது.
ஒன்பது யூரோ சொன்ன சொல் தவறவில்லை.

இதற்காகவா இவ்வளவு தூரம்?
பர்ஸைத் திறந்து பழைய சீட்டுகளைக் காட்டினேன்.
மரியாதையாக ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
பிஸ்கட் கொடுத்தேன்.
ஒன்று எடுத்தான், தின்றான்,
மிளகுக்குக் கண் கலங்கினான், இன்னொன்று எடுத்தான்.

பிறகு கையுறையைப் பல்லால் கழற்றி
அறுந்த இரண்டு நுனிகளையும் சேர்த்து
ஒரு முடிச்சுப் போட்டுத் தந்தான்.

படகுக்காரர்கள் போடுகிற மாதிரி முடிச்சு.
அன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து
ஒரு முனையைக் காலில் மிதித்து
இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தேன்.
அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம்.
ஊரில் இறங்குவதற்குள்
எப்படியாவது இதை அவிழ்த்தாக வேண்டும்.