மணிக்கணக்கு

"நாளொன்றுக்கு நாற்பது லாரிகள்"
என்றது லீமாவில் அச்சான தாள்.
நாற்பதா?
என் ரொட்டிக்கடைப் பலகையில் படியும் செம்மண்ணைக் கேட்டிருக்கலாம்.
ரோட்டைக் கடக்க வழியில்லாமல்
பள்ளியில் காலைப் பாட்டு முடியும்வரை
இந்தப் பக்கமே நின்று பாடும் பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

நேலிதா சாம்பிதான் சொன்னாள்:
"கத்தியது போதும். எண்ணுவோம்."
அன்றைய கூட்டத்தில் பதினொரு பேர்.
இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்,
அதில் ஒருவர் இன்று எங்கள் பொருளாளர்.

செம்பு ஏற்றி இறங்கும் லாரிக்கு
ஒரு கறுப்பு மக்காச்சோள மணி.
காலியாய் மலையேறும் லாரிக்கு வெள்ளை மணி.
எழுதத் தெரியாதவரும் எண்ணலாம் அல்லவா?
முறைக்கு இரண்டு மணி நேரம், முறைக்கு ஒரு டப்பா.
பதினொரு பேர், பன்னிரண்டு முறை.
மிச்சத்தை நேலிதா தன் பெயரிலேயே எழுதிக்கொண்டாள்.

எனக்கு இரவு இரண்டிலிருந்து நான்கு.
மாவு உப்பும் நேரம், எப்படியும் விழித்திருப்பவள் என்று
என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள்.
கன்னத்தில் கோகா இலை.
போர்வைக்குள் புகுந்து பக்கத்தில் உட்காரும் குளிர்.
ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துப் போவார்கள்,
கேலியா வணக்கமா என்று
கடைசிவரை தெரியவில்லை.

மூன்றாம் இரவு தூங்கிவிட்டேன்.
கண் திறந்தபோது வளைவில் மறையும் சிவப்பு விளக்கு.
எத்தனை போயிருக்கும்?
ஐந்து மணி எடுத்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?
கை டப்பாவரை போனது.
பிறகு ரொட்டிக் காகிதத்தைக் கிழித்து எழுதி உள்ளே போட்டேன்:
"தூங்கிவிட்டேன். தெரியாது."

ஐந்தாம் நாள் எலெயுதேரியோ டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.
அவர் மகன் ஓட்டுவது அந்த லாரிகளில் ஒன்றை.
நாங்கள் அவரை ஏசவில்லை என்று எழுத ஆசைதான்.
ஏசினோம்.
மறுநாள் அவர் முறைக்கு
அவர் மனைவி முக்காலியோடு வந்து உட்கார்ந்தாள்,
ஒரு வார்த்தை பேசாமல்.

பதினாலு நாள். ஒரு மூட்டை.
மாகாணத் தலைநகருக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம்.
முதல் முறை போனபோது விடுமுறை.
இரண்டாம் முறை அதிகாரிக்கு மாற்றல்.
மூன்றாம் முறை "ஆவன செய்யப்படும்" என்றார் ஒருவர்,
மூட்டையைக் கோழித் தீவனம் என்று நினைத்து.
நான்காம் முறை பொறியாளர் உபால்தோ,
சின்னப் பையன், புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை.
"இதை எப்படி நம்புவது?" என்றான்.
"எண்ணிப் பாருங்கள்" என்றாள் நேலிதா.

எண்ணினான்.
அறுநூறு தாண்டும்போது தொலைபேசி அடித்தது.
மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தான்.
சாப்பாட்டு நேரம் போனது.
சேற்றுக் காலணிகளோடு நாங்கள் சுவரோரம் நின்றோம்.
மணிகளுக்கிடையே அந்தச் சீட்டு வந்தது.
படித்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி படித்தான்.
"யார் இது?"
பள்ளிப் பிள்ளைபோல் கை தூக்கினேன்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
சீட்டைக் கோப்பின் முதல் பக்கத்தில் குத்தி வைத்தான்.

கறுப்பு ஆயிரத்து ஐநூற்று மூன்று.
வெள்ளை ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு.
இடிக்கும் ஏழு லாரிகள்
என் தூக்கத்தின் மேல் ஏறிப் போனவையாக இருக்கும்.
நாளொன்றுக்கு இருநூற்றுப் பதினாலு.

பத்து மாதம் கழித்துத் தாள் வந்தது.
பள்ளி திறக்கும்போது ஒரு மணி நேரம்,
விடும்போது ஒரு மணி நேரம் லாரி கூடாது.
தூசி அடங்க தினமும் ஒரு தண்ணீர் லாரி.
தார் ரோடு பரிசீலனையில்.
இரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சிலர் பீர் வாங்கப் போனார்கள்.
நேலிதா சந்தையில் சிவப்பு மணி வாங்கினாள்,
தண்ணீர் லாரிக்கு.

நேற்றைய பன்னிரண்டு டப்பாவிலும் சிவப்பு இல்லை.
அதற்கு முந்தைய நாளும் இல்லை.
செவ்வாய்க்கிழமைப் பேருந்தில்
ஐந்து இருக்கை சொல்லியாயிற்று.