அரை மாத்திரை

எட்டாம் எண் டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்த இரவு,
ஓஸ்த்ராவாவில் மழையுமில்லாத பனியுமில்லாத
ஏதோவொன்று விழுந்துகொண்டிருந்தது.
சமையல் மேசையில்
முதுகு கழன்று கிடந்தது என் பிளேயர்.

ஒலி பிறக்கும் சில்லுக்கும்
காதுக்குப் போகும் துளைக்கும் நடுவே
இரண்டு மின்தேக்கிகள்.
கடுகு என்று சொன்னால் கடுகு கோபித்துக்கொள்ளும்.
அந்தச் சந்து வழியாகத்தான்
தோளை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது
பதினோரு வருடப் பாட்டும்.

கிள்ளி எடுத்தேன்.
குங்கிலியம் புகைகிற வாசனை.
முதல் கம்பி அறுந்தது, இரண்டாவதும்.
மூன்றாவதற்கு மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

புதியவை ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன்.
பெட்டிக்குள் அடங்கவில்லை.
முதுகில் வைத்து ரப்பர் பேண்டால் கட்டினேன்.
வோய்தெக் எட்டிப் பார்த்தான்:
"இதோடு உன்னை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்."
தூங்கப் போய்விட்டான்.

இடது காது முதலில் செத்திருந்தது.
பற்று சரியில்லை, இன்னொருமுறை சூடு காட்டினேன்.
பிறகு போட்டேன்
எங்கள் சேர்ந்திசைக் குழுவை,
சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் பதிந்தது.
மூன்றாம் பாட்டின் இரண்டாம் அடியில்
ஒரு குரல் அரை மாத்திரை முந்தி விழும்.
யார்மிலாவுடையது.
எல்லோருக்கும் தெரியும்.
நானில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்,
மூன்றாம் வாரம் பயிற்சிக்கு வரவில்லை,
அப்புறம் வரவே இல்லை.

தாள் புரள்கிறது.
எவருடைய காலணியோ மரத்தரையில் நெளிகிறது.
நடத்துநர் மூச்சை இழுக்கிறார்.
இன்னும் கை இறங்கவில்லை,
வலது ஓரத்திலிருந்து மூன்றாவது இடத்தில்,
கொஞ்சம் மூக்கால்,
நான்.

அவள் பின்னால் வருகிறாள்,
கையோடு சேர்ந்து, நூல் பிடித்தாற்போல்.

ஏழு தடவை திருப்பிக் கேட்டேன்.
தலைகீழாய் வைத்துவிட்டேனோ என்று பார்த்தேன்.
இந்த வகைக்குத் தலையும் காலும் கிடையாது.

பழைய இரண்டையும் எறியவில்லை.
வோய்தெக்கின் ரத்தக்கொதிப்பு மாத்திரைப் பெட்டியில்
ஞாயிற்றுக்கிழமைக் குழியில் இருக்கின்றன.
ஒரு மணி நேர வேலை,
மறுபடி எல்லோரும் மூட்டமாய்
ஒரே வாயால் பாடுவோம்.

காலை முதல் நடை என்னுடையது.
மருத்துவமனை நிறுத்தத்தில் அவள் ஏறுவாள்,
வியாழக்கிழமைகளில், பின்கதவில்,
என் கண்ணாடியைப் பார்க்காமல்.
பச்சை மேலங்கி தூரத்தில் தெரிந்தது.
கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.
மேலங்கி மெதுவாக வந்தது,
குச்சி ஊன்றி வந்தது,
வேறு யாரோ.
என்றாலும் மூடவில்லை.

பின்னால் நின்ற வண்டி மணியடித்தது.
அட்டவணையை அரை நிமிடம் முந்துகிறாய் என்று
போன வருடம் இருமுறை என்னை
எழுத்தில் விளக்கம் கேட்ட கட்டுப்பாட்டு அறை
கரகரத்தது:
"பொஹுமிரா, நான்கு நிமிடம் பிந்திவிட்டாய்,
என்ன ஆயிற்று?"