ஒரே மை

மொகோட்லாங் ஏற்றத்தில் ஜூன் மாதப் பனி.
சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி வந்து சேர்ந்தேன்,
மடியில் நூற்றுப் பதினான்கு கேள்விகள்.

கை கழுவுமிடத்தில் சோப்பு: உண்டு.
குளிர்பெட்டியில் ஆக்சிடோசின்: உண்டு.
பயிற்சிக்கான ரப்பர் இடுப்பு: ஒன்று,
விரிசலில் பிளாஸ்திரி.
மாணவிகள் மெத்தைப் பஞ்சில் தையல் பழகுகிறார்கள்.
நான் பழகியதும் பஞ்சில்தான். எழுதவில்லை.

பிறகு பிரசவ வரைபடங்கள்.
முதல் பதினொன்றும் அழகு.
அரைமணிக்கொரு புள்ளி, இம்மி பிசகாமல்,
ஒரே மை, ஒரே அழுத்தம்.
விடிந்த பிறகு உட்கார்ந்து
இரவை இட்டுக்கட்டியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாவதில்
இரண்டு பத்திலிருந்து நாலு வரை வெறும் கட்டங்கள்.
ஓரத்தில் பழுப்பாய் ஒரு கட்டைவிரல்.

"இது யாருடையது?"
செலோவானே எழுந்தாள், இரவுப்பணி மருத்துவச்சி.
"பக்கத்துக் கட்டிலிலும் தலை தெரிந்துவிட்டது அம்மா.
நான் ஒருத்திதான்."

விதிப்படி மதிப்பெண் குறைய வேண்டியவள் இவள்.
இரண்டே கை என்பதைக் குறிக்க
படிவத்தில் கட்டமில்லை.
அந்தப் படிவத்தைத் தயாரித்த குழுவில்
நானும் இருந்தேன்.

ஒன்பது வருஷமாகிறது
ஈரத்தலை ஒன்றை உள்ளங்கையில் வாங்கி.
பேனாவை மூடினேன்.
"இரண்டும்?"
"ஒன்று அழுதது. மற்றதை அழவைத்தேன்."

குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
இரவுக்கு இன்னொரு ஆள், உடனடியாக.
கோப்பில் சேர்க்கும்போது
போன வருஷத் தாள் கண்ணில் பட்டது.
அதே வரி, என் கையெழுத்து.
அதற்கும் முந்தைய வருஷம்,
அதே வரி.

ஒரே மை.