இதர விஷயங்கள்

இரண்டாம் ஆராதனை முடிந்து
காரா பாத்தும் கேசரி பாத்தும் காலியான பிறகு
வெஸ்ட்ரியில் கூடினோம், பதினோரு பேர்.
ஜெபத்தோடு தொடங்கியது என்று எழுதினேன்.
செயலாளன் நான். கையெழுத்து அழகு என்பதால்
ஒன்பது வருடமாய் யாரும் என்னை மாற்றவில்லை.

முதல் பொருள், எல்இடி திரை.
பன்னிரண்டடிக்கு எட்டடி.
பின்வரிசைக்குப் பாட்டின் வரி தெரியவில்லையாம்.
பின்வரிசையில் ஆளே இல்லையே என்றார் ரூபஸ்.
சிரித்தோம். சிரித்ததை எழுதவில்லை.

இரண்டாவது, நூற்றாண்டு வளைவு.
கிரானைட்டா சிமென்ட்டா,
கொடுத்தவர் பெயர் எத்தனை அங்குலத்தில்.
இதற்கு ஐம்பது நிமிடம்.

மூன்றாவது, மிஷனெரி ஞாயிறு.
சுவரில் இந்தியப் படம், சிவப்புக் குண்டூசிகள்,
நாங்கள் அனுப்பும் பணம் போய்ச் சேரும் மலைகள்.
போன வருடத்தைவிடப் பத்து சதவீதம் கூட்டலாம் என்றதும்
எல்லாக் கையும் உயர்ந்தது.
லிங்கராஜபுரத்தின் மேல் ஊசி இல்லை.
தூரம் எங்களுக்கு எப்போதும் சுலபம்.

நான்காவது, மின்கட்டணம்.
பொருளாளர் ஜெபசிங் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
பிப்ரவரியைவிட மார்ச்சில் இரண்டு மடங்கு.
போர்வெல் மோட்டார் ராத்திரியில் ஓடுகிறது.
யார்?

காப்பித் தட்டோடு வந்த கோயில்பிள்ளை தேவதிரவியம்
தட்டை இறக்காமலே சொன்னார்:
"நான்தான் ஐயா.
நாலு மணிக்கு கேட்டுக்கு அடியில ஓசைவிடுவேன்.
எதிர்ச் சந்துல பதினேழு நாளாத் தண்ணி வரலை.
டேங்கர்க்காரன் ரெண்டாயிரம் சொல்றான்."

அதற்குப் பிறகு பேசிய யாரும் கெட்டவர்கள் இல்லை.
இதை நான் சொல்லியாக வேண்டும்.
பள்ளியில் நானூறு பிள்ளைகள், போர்வெல் வற்றினால்
கழிப்பறைக்கு என்ன செய்வது என்று கேட்ட கிரேஸ்லின் டீச்சர்
தன் சம்பளத்தில் மூன்று பேருக்கு ஃபீஸ் கட்டுகிறவர்.
ஒரு முறை வேண்டாமா என்ற ஜெபசிங்
கொரோனாவில் அதே சந்துக்கு அரிசி மூட்டை சுமந்தவர்.
ஆயர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மே மாதம் அவருக்கு மாற்றல்.

எதிர்ச் சந்து என்றால்
விடியுமுன் எங்கள் தெருவைப் பெருக்குகிற கைகள்.
மார்ச்சில் உதிரும் ரோஸ் நிறப் பூக்களை
நாங்கள் படம் எடுத்து அனுப்பி முடிப்பதற்குள்
அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு.
ஆராய்ந்து சொல்ல மூவர் குழு.
இதர விஷயங்கள்: ஏதுமில்லை.
எழுதினேன், அழகான எழுத்தில்.

தூக்கம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
நன்றாகத் தூங்கினேன்.
மூன்றரைக்குச் சிறுநீர் முட்டி எழுந்து
பொத்தானை அமுக்கினேன்.
ஒன்பது லிட்டர் இருக்கும்,
தொட்டி மறுபடி நிரம்பும்வரை நின்று கேட்டேன்.

மாற்றுச் சாவி செயலாளனிடம் இருக்க வேண்டும்,
விதி அப்படி.

புதுப் பூட்டைப் பற்றி
குடங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல.
கேட்டுக்கு வெளியே இருட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.
நீலக் குடத்துக்காரி கன்னடத்தில் கேட்டாள்,
புது வாட்ச்மேனா?
இல்லை, செக்ரட்டரி.
அப்படியென்றால் என்ன வேலை என்றாள்.
ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
யோசிக்கையில் ஓஸ் நழுவி என் பேன்ட் நனைந்தது.
"கீழே பிடிங்க சார், வீணாகுது."

மோட்டார் ஒருமுறை இருமியது,
காற்றும் சேறுமாய் ஒரு துப்பல்,
பிறகு தண்ணீர்.
கிரேஸ்லின் டீச்சர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

கீழே பிடித்தேன்.
இன்னும் இருபத்துமூன்று குடம்.