எலி, இரண்டு பிடி

மூங்கில் பூத்த வருஷம் அது.
எங்கள் மிஸோ மலையில் அதை யாரும் அழகு என்பதில்லை.
பூத்தால் காய்க்கும், காய்த்தால் எலி பெருகும்,
காய் தீர்ந்த இரவில் எலிகள் மொத்தமாய்
நெல்லுக்கு இறங்கும்.
காலையில் தாள் நிற்கும். கதிர் இருக்காது.

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம்.
அந்த வருஷம் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது
எலிதான்.

நான் சபையின் அரிசிக் கணக்கன், ஹ்ராங்கிமா.
இரும்புத் தராசு ஒன்று, நீலக்கோடு போட்ட நோட்டு ஒன்று.
எங்கள் பெண்கள் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும்
பானைக்குப் போகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து
தனி டப்பாவில் போடுவார்கள்.
அது கர்த்தருடையது.
சனிக்கிழமை கூடைகள் வரும். நிறுப்பேன், எழுதுவேன்.
வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்பார்கள்.
என்ன செய்ய,
அந்த ஊருக்கு இடது கை நான்.

ரெம்தாங்கிக்கு மூன்று பிள்ளைகள்.
புருஷன் சாலை வேலையில் மண் சரிந்து போனவன்.
செப்டம்பரில் வாரம் முக்கால் கிலோ கொடுத்தாள்.
அக்டோபரில் கால்.
நவம்பரில் அவள் டப்பாவைக் கவிழ்த்தேன்:
காட்டில் தோண்டிய கிழங்கு,
கட்டைவிரல் பருமனில் பதினாலு துண்டு.
ஏழு நாள். வேளைக்கு ஒன்று.
‘இதை எப்படி எழுத?’ என்றேன்.
‘கிழங்கு என்று எழுது.’

அந்த ஞாயிறு போதகர்
சாறிபாத்தூர் விதவையைப் பற்றிப் பேசினார்,
பானையில் மாவு குறையவே இல்லை என்று.
கடைசி பெஞ்சில் நான் எனக்குள் சொன்னேன்:
குறையும், ஐயா. நான் நிறுப்பவன்.
பானை குறையத்தான் செய்கிறது.

டிசம்பரில் என் மகள் ஸோவி
காய்ச்சலோடு கஞ்சி கேட்டாள்.
அரிசி அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது.

இரண்டு பிடி.
துண்டில் முடிந்துகொண்டு, விளக்கில்லாமல்
படிகளில் ஏறினேன்.
வாசனை வெளியே போய்விடுமோ என்று
அடுப்பை முதுகால் மறைத்து உட்கார்ந்தேன்,
முதுகால் வாசனையை மறைக்க முடியும் என்பதுபோல.
அவள் குடித்தாள், தூங்கினாள்.
நான் ஜெபிக்கவில்லை. எந்த வாயால்?

சனிக்கிழமை கணக்கு உதைத்தது.
கூடையோடு ரெம்தாங்கி நின்றிருந்தாள்.
எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே
ஒரே மூங்கில் தட்டிதான் சுவர்.
‘எலி’ என்றேன்.
‘எலிதான்’ என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.
கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.
வாசல்வரை போனவள் நின்றாள்.
‘எலிக்கும் பிள்ளை இருக்கும்.’

அன்று மாலைக் கூட்டத்தில்
பத்து வருஷம் வாய் திறக்காத நான் எழுந்தேன்.
குறைந்ததைச் சொன்னேன்.
எடுத்த கையை நீட்டிக் காட்டினேன்,
ஏனென்று தெரியாமல்.
யாரும் எதுவும் பேசவில்லை. ஒருவர் இருமினார்.
பிறகு கேட்டேன்: அந்த மூட்டைகள் எதற்கு?
ஆலயக் கூரைக்குத் தகரம் வாங்க, என்றார்கள்.
இரண்டு மணி நேரம் வாதாடினார்கள்.
கடைசியில் மூப்பர் சங்லூரா,
கஞ்சத்தனத்துக்குப் பெயர்போனவர்,
‘தகரம் காத்திருக்கும்’ என்று சொல்லி
முதல் மூட்டையின் வாயைத் தானே அறுத்தார்.

வீட்டுக்கு இரண்டு கிலோ.
சிவப்பரிசி, வெள்ளையரிசி, குருணை,
யார் வீட்டுப் பிடி யார் முறத்தில் என்று தெரியாமல்.
அது போதவில்லை; அதையும் சொல்லிவிடுகிறேன்.
மார்ச்சுவரை லாரி வந்தது, வராமலும் இருந்தது.
சங்லூராவின் தங்கையைப் புதைத்தோம்.
ஸோவி பிழைத்தாள். ஏன் அவள், ஏன் இவள் என்று
கேட்டுக்கொண்டே இருக்கிறேன்,
கேட்கிற இடம் மட்டும் மாறவில்லை:
அதே கடைசி பெஞ்ச்.

அரிசி வாங்கிப்போன இரவு
தட்டிக்கு அந்தப் பக்கம்
ரெம்தாங்கி உலை வைத்தாள்.
தண்ணீர் கொதிக்குமுன்
காலி டப்பாவில் ஒரு பிடி அரிசி விழுகிற சத்தம்.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
நவம்பர்: ரெம்தாங்கி, கிழங்கு, பதினாலு.
அதன் கீழே, டிசம்பர், என் கையெழுத்தில்:
எலி, இரண்டு பிடி.
அடிக்கவில்லை அதை.