தலையாட்டி

தோலில் குத்திப் பார்க்கலாம் என்றார் டொக்டர் விமலேந்திரா,
அதற்கு ஒரு கிழமை குளிசையை விடவேணும்.
ஒருநாள் விட்டாலே நாலு லேஞ்சி நனையும்.
கச்சேரிப் பதிவறையில் என் மேசைக்குக் கிட்ட
ஒருவரும் கதிரை போடுவதில்லை.
"அப்ப இரத்தத்தைக் கேட்பம்" என்றார்,
"அது குளிசைக்குப் பயப்படாது."

ஆசுப்பத்திரி வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
நிரோஜினி என்று பெயர் குத்தியிருந்த பிள்ளை
முழங்கை மடிப்பில் நரம்பைத் தட்டி எழுப்பினாள்.
"கையைப் பொத்துங்கோ ஐயா. ஓம், இனி விடுங்கோ."
மஞ்சள் மூடிக் குழாயில் ஐந்து மில்லி.
இரவு பஸ்ஸில், ஐஸ் பெட்டிக்குள்,
ஒரு சோதனைச் சாவடியிலும் இறக்கப்படாமல்
என் இரத்தம் கொழும்புக்குப் போகும்.

அங்கை என்ன செய்வினம் பிள்ளை?
"சந்தேகமான சாமானை ஒவ்வொண்டா முன்னால வைப்பினம்.
தூசிப் பேன், கரப்பான், பூனை மயிர், பூஞ்சணம், அறுகம்புல்.
அதை எதிர்க்கிறது எண்டு ஒண்டு உங்கட இரத்தத்தில இருந்தா
போய் ஒட்டிப் பிடிக்கும்.
எவ்வளவு பிடிக்குதோ அவ்வளவு நம்பர்."

பஞ்சை அழுத்தியபடி படியிறங்கினேன்.
பாதியில் நின்றுவிட்டேன்.
வரிசையாய் விட்டு, ஒருவன் பார்த்து,
இவன்தான் என்று சொல்கிற சோதனை
எனக்குப் புதிதில்லை.

பள்ளிக்கூட மைதானம். பத்தொன்பது வயது.
சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
ஒவ்வொருவராய் நடந்தோம் ஜீப்புக்கு முன்னால்.
உள்ளே ஒரு சாக்கு. சாக்கில் இரண்டு ஓட்டை.
ஓட்டைக்குள் யாரோ எங்கள் ஊரவன்.
எனக்கு அசையவில்லை.
பின்னால் வந்தவன் குணநேசன்,
புழுதி கிளம்பியிருந்தது,
நான் தும்மினேன்.
சாக்கு ஒருமுறை, மேலும் கீழும்.
என் தும்மலுக்குத் திடுக்கிட்டதா
அவனைக் காட்டிக் கொடுத்ததா,
முப்பத்தேழு வருஷமாய் எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் தாள் வந்தது.
தூசிப் பேன் நாலு. கரப்பான் இரண்டு. அறுகம்புல் ஒன்று.
பூஞ்சணம் இல்லை.
பூனை இல்லை.

மாசியில் சிவசோதி பூனையைத்தான் பிடித்தாள்.
"உதுதான் உங்களைக் கொல்லுது."
உரப்பையில் போட்டு, முகம் தெரியாமல் கட்டி,
பண்ணை மீன்சந்தைப் பக்கம் சைக்கிளில் கொண்டுபோய்
நான்தான் விட்டேன்.
பையை அவிழ்த்த பிறகும் கறுவல் ஓடவில்லை.
நான்தான் ஓடினேன்.

டொக்டர் தாளில் ஒரு வரியைச் சுற்றிக் கோடு போட்டார்.
"தலையணையில இருக்கிற பேன்தான் ஆள்.
நெருக்கமான உறை போடுங்கோ. சுடுதண்ணியில தோயுங்கோ.
புல்லை விடுங்கோ."
ஒன்று என்று போட்டிருக்கே?
"புல்லுக்குள்ள நிண்டா தும்முதோ?"
இல்லை.
"பிறகென்ன? கண்டிருக்கிறன் எண்டு இரத்தம் சொல்லுது, அவ்வளவுதான்.
அதை மட்டும் வைச்சுக் குற்றம் சொல்லேலாது.
ஆளையும் விசாரிக்க வேணும்."
பேனையை மூடி, அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.
அடுத்த ஆள் உள்ளே வந்து நின்ற பிறகும்
நான் கதிரையிலேயே இருந்தேன்.

சிவசோதி ஒன்றும் பேசாமல்
பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைக்கிறாள்.
முப்பது வருஷத் தலையணைகள் முற்றத்தில்,
வெயிலில், வரிசையாக.

பின்னேரம் பண்ணைக்குப் போனேன்,
கடதாசியில் கொஞ்சம் சூடைமீன்.
பாலத்தடியில் ஏழெட்டுப் பூனைகள்.
கறுப்பு மட்டும் மூன்று.
ஒவ்வொன்றாய் என் முன்னால் வந்து நின்று பார்த்தன.
எது என்று சொல்ல என்னால் முடியவில்லை.
மூன்றுக்கும் போட்டேன்.

கடலிலிருந்து காற்று திரும்பியது.
தும்மல் வந்தது. மூக்கைப் பொத்தி
அடக்கிக்கொண்டேன்.