ஒரேயொரு முறை சரி

டைக் வீதியில் மான் வந்து நின்றால்
இவர் யன்னலைச் சாத்துவார்.
மானுக்காக அல்ல.
மான் பார்க்கிற சாட்டில்
எங்கள் வீட்டைப் பார்ப்பவர்களுக்காக.

கலியாணம் முடிந்த மூன்றாம் கிழமை
தேத்தண்ணீரைக் கையில் வாங்கி
"நீ முதல் குடி" என்றார்.
பகிடி என்று நினைத்துக் குடித்தேன்.
பதினேழு வருஷமாய்
முதல் மிடறு என்னுடையது.

கை நீட்டியதில்லை. சாராயம் தொட்டதில்லை.
துறைமுகக் கந்தோர்க் கணக்கில்
ஒரு சதம் பிசகியதில்லை.
நீலக் கொப்பி ஒன்று மட்டும் இருக்கிறது.
அதில் என் தம்பி நவம்
ஐந்தாம் திகதி சிரித்த சிரிப்பு.
றொசலின் அக்கா சூடை மீன் குழம்பு தந்த நாள்,
தந்த நேரம்,
பக்கத்தில் சிவப்புப் பேனையால்
"ஏன் தந்தவ?"

சண்டைக் காலம் பார்த்த மனுசன் என்று
சனம் சொல்லும்.
நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்,
தோதான பதில்.
ஆனால் என் அண்ணனும்
தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவன்தான்.
இப்போது மட்கோவில் கோழி வளர்க்கிறான்,
படலை திறந்தே கிடக்கும்,
வழியால் போகிறவனைக் கூப்பிட்டு
முட்டை கொடுக்கிறான்.
மாமி சொன்னது வேறு:
"அஞ்சு வயசிலயே பணியாரத்தை எண்ணிப்போட்டுத்தான் படுப்பான்.
விடிய எழும்பித் திரும்ப எண்ணுவான்."

பிறகு கமலகாந்தன் வந்தார்.
வெள்ளைச் சேட்டு.
எங்கள் பிள்ளைகளின் பேரெல்லாம் அவருக்குப் பாடம்.
செத்தவீடென்றால்
முதல் வாங்கை இறக்குவது அவர் கை.
எழுபத்திரண்டு பேர் அவரிடம் சீட்டுக் கட்டினோம்.
இவர் கட்டவில்லை.
"இவ்வளவு நல்லவனுக்கு என்னவோ வேணும்"
என்று கொப்பியில் எழுதினார்.
நான் இவருக்குத் தெரியாமல் கட்டினேன்.

ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள்
கமலகாந்தன் இல்லை.
போன் இல்லை. வாடகை வீட்டில் ஒரு பாய்கூட இல்லை.
என் இரண்டு காப்பும் இல்லை.

தெருவே வாசலில் வந்து நின்றது,
"நீங்கள் அப்பவே சொன்னீங்கள்."
இவர் சந்தோஷப்படவில்லை,
அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது.
காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது,
இனிக் காகத்துக்கு
ஆர் விளங்கப்படுத்துவது?
அந்த மாதமே புதுக்கொப்பி.
முதல் பக்கத்தில் என் பேர்.

கிளினிக்கிற்குத் தனியே போனேன்,
மரக்கறி வாங்கப் போவதாய்ச் சொல்லி.
டொக்டர் சின்னப் பெட்டை,
கிண்ணியாப் பக்கத்துத் தமிழ்.
இந்த வருத்தத்துக்கு ஒரு நீளப் பேர் சொன்னாள்.
நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.
கமலகாந்தன் போன்ற ஆட்களுக்கும்
ஒரு பேர் இருக்காம்.
"அவங்க ஒருநாளும் இந்தக் கதிரைக்கு வரமாட்டாங்க.
அவங்களால அழுகிறவங்கதான் வருவாங்க."
கொஞ்சம் பொறுத்து,
"நீங்க ஏன் கதவைப் பாத்துக்கொண்டே கதைக்கிறீங்க?"

அப்போதுதான் கண்டேன்,
கதிரையைத் திருப்பிப் போட்டிருந்தது நான்.

துண்டை அரிசி வாளிக்குள் புதைத்தேன்.
புதைக்கும்போது கை நடுங்கியது.
இனி இந்த வீட்டில்
இவருக்கு எதிராய் ஒன்று
உண்மையாகவே ஒளிந்திருக்கிறது.
பதினேழு வருஷமாய்த் தேடியதை
நானே செய்து வைத்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்குக்
கதவுக் கொண்டியைத் தொட்டுப் பார்க்க எழும்புகிறார்.
துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதுகிறது.
போகிற போக்கில்
என் காலில் இருந்து விலகிய போர்வையை
இழுத்து மூடிவிடுகிறார்.
நித்திரை போலக் கிடக்கிறேன்.
நித்திரை இல்லை என்று அவருக்குத் தெரியும்.